ஏ.சி. கூலிங் குறைஞ்சா கேஸ்தான் காரணமா? காரின் ‘ரீசர்க்குலேஷன்’ கோளாறை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

தை மாதத்தில் தரங்கம்பாடியில் இருந்து திருக்கடையூர், ஆக்கூர், செம்பனார்கோவில் வழியாக மயிலாடுதுறைக்கு காரில் போகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. சம்பா அறுவடை முடிந்து, சாலையின் ஒரு ஓரம் முழுக்க நெல் காய்ந்துகொண்டிருக்கும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுப்பதில் சிக்கல் வரும் என்பதால், களம் கிடைக்காத விவசாயிகளுக்கு தார்ச்சாலைதான் களம். முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று போனால் போதும். தூசியும் சுணையும் சேர்ந்து கண்ணாடியை மறைக்கும்.

அந்த நேரத்தில் ஓட்டுபவர் செய்வது ஒன்றுதான். கண்ணாடியை ஏற்றிவிட்டு, டேஷ்போர்டில் கார் படத்துக்குள் வளைந்த அம்புக்குறி போட்ட பட்டனை அழுத்துவார். பட்டனில் விளக்கு எரியும். ஆனாலும் மூக்கு அரிக்கிறது, தூசி வாசனை வருகிறது. கடற்கரைப் பக்கம் திரும்பினால் கருவாட்டு வாசனையும் உள்ளே வந்துவிடுகிறது. வெயில் ஏறினால் ஏ.சி. குளிர்ச்சியும் பத்தவில்லை.

மெக்கானிக்கிடம் போனால் பெரும்பாலும் முதலில் வரும் பதில், “கேஸ் இறங்கிடுச்சு அண்ணே, ஏத்திடலாம்” என்பதுதான். கேஸ் ஏற்றிய பிறகும் நிலைமை மாறவில்லை என்றால், கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். பல நேரங்களில் அது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சிறிய பிளாஸ்டிக் கதவு. ஃப்ளாப் என்று சொல்வார்கள். அது வேலை செய்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு டிஷ்யூ பேப்பர் போதும். பழுதுகளில் பாதிக்கு மேல் ஒரு திருப்புளியும் ஒரு மணி நேரமும் இருந்தால் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடக்கூடியவை.

அந்தப் பட்டன் உண்மையில் என்ன செய்கிறது?

காரின் ஏ.சி.க்கு காற்று இரண்டு வழியாக வரும். ஒன்று, முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்கு அடியில் இருக்கும் ஜாலி வழியாக வரும் வெளிக்காற்று. இன்னொன்று, முன்பக்கப் பயணி கால் வைக்கும் இடத்துக்கு மேலே, குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் உள்ள திறப்பு வழியாக இழுக்கப்படும் உள்காற்று. இந்த இரண்டு வழிக்கும் நடுவே ஃப்ளாப் இருக்கிறது. ஒரு வழியைத் திறந்தால் மற்றது மூடும். நம் ஊர் கிளை வாய்க்காலில் மதகுப் பலகையைத் தூக்கி இறக்குவதுபோலத்தான்.

அதற்குப் பிறகு காற்று ப்ளோயர் விசிறி, கேபின் ஃபில்டர், கூலிங் காயில் ஆகியவற்றைக் கடந்து வென்ட்டுக்கு வரும். பட்டனை அழுத்தினால் ‘ரீசர்க்குலேஷன்’. அதாவது காருக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைப்பது. மறுபடி அழுத்தினால் வெளிக்காற்று.

வெளியே 38 டிகிரி வெயில், உள்ளே 26 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். உள்காற்றைக் குளிர வைக்க ஏ.சி.க்கு சிரமம் குறைவு. வெளிக்காற்று ஓயாமல் வந்துகொண்டே இருந்தால், ஒவ்வொரு முறையும் 38-ல் இருந்து இறக்கணும். தரங்கம்பாடி போன்ற கடலோர ஊரில் இன்னொரு சுமையும் உண்டு. காற்றில் ஈரம் அதிகம். ஏ.சி.யின் சக்தியில் பெரும்பங்கு காற்றைக் குளிர வைப்பதற்கு அல்ல, அந்த ஈரத்தைப் பிழிந்து எடுக்கவே போய்விடும். காருக்கு அடியில் சொட்டுகிற தண்ணீர் அதுதான். ஆக, ஃப்ளாப் வெளிக்காற்றுப் பக்கம் மாட்டிக்கொண்டால், கேஸ் முழுதாக இருந்தாலும் மதிய வெயிலில் கூலிங் குறைவாகத்தான் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஏ.சி. கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. அது மூடிய குழாய்களுக்குள் சுற்றி வருவது. குறைகிறது என்றால் எங்கேயோ கசிகிறது. கசிவைப் பார்க்காமல் வருஷா வருஷம் ‘டாப் அப்’ செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

எந்தப் பக்கம் மாட்டியிருக்கிறது என்பதே முக்கியம்

ஃப்ளாப் வெளிக்காற்றுப் பக்கம் மாட்டினால் வருவது தொல்லை: தூசி, புகை, நாற்றம், குறைந்த குளிர்ச்சி. உள்காற்றுப் பக்கம் மாட்டினால் வருவது ஆபத்து. ஆனால் குளிர்ச்சி நன்றாக இருப்பதால் அதை யாரும் கோளாறாகவே நினைப்பதில்லை.

ஒரு சின்னக் கணக்கைப் பார்க்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை மூச்சில் வெளியிடுகிறார். 4 பேர் என்றால் நிமிடத்துக்கு சுமார் 1.2 லிட்டர். நடுத்தரக் காரின் உள்ளே இருக்கும் காற்று சுமார் 3,000 லிட்டர். கார் முழுக்க அடைபட்டிருந்தால், நிமிடத்துக்கு 400 பி.பி.எம். வீதம் அளவு ஏறும். பி.பி.எம். என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வெளிக்காற்றில் இருப்பதே 420 பி.பி.எம். சொச்சம்தான். அறைக்குள் 1,000-ஐத் தாண்டினால் காற்றோட்டம் பத்தவில்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

நல்லவேளையாக எந்தக் காரும் மூடி போட்ட பாட்டில் இல்லை. கதவு ரப்பர், தரைத்துளைகள் வழியாகக் கொஞ்சம் காற்று மாறிக்கொண்டே இருக்கும். வேகமாகப் போகும்போது இன்னும் அதிகம். அதனால் அளவு ஓரிடத்தில் நின்றுவிடும். ஆனாலும் ஆள் நிறைந்த காரில் ரீசர்க்குலேஷனை விடாமல் போட்டிருந்தால் சில ஆயிரம் பி.பி.எம். வரை போவது சாதாரணம். மயங்கி விழ வைக்கிற அளவு இல்லை அது. கொட்டாவி, தலைபாரம், கவனக்குறைவு. பின்சீட்டில் இருப்பவருக்கு அது ஒரு தூக்கம். ஸ்டீயரிங் பிடித்திருப்பவருக்கு?

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடித்துவிட்டு ஒரே வண்டியில் ஏழெட்டுப் பேர் நெருக்கி உட்கார்ந்து இரவோடு இரவாகச் சென்னை திரும்புவது இந்தப் பகுதியில் அன்றாடம் நடக்கும் விஷயம். வேளாங்கண்ணி, நாகூர், திருநள்ளாறு போய்வரும் வேன்களும் அப்படித்தான். ஓட்டுநருக்கு வரும் தூக்கத்துக்கு சாப்பாடு, களைப்பு, நள்ளிரவு என்று பல காரணம் உண்டு. அடைபட்ட காற்றும் அதில் ஒன்று. அரை மணிக்கு ஒருமுறை சில நிமிடம் வெளிக்காற்றுக்கு மாற்றினால் அளவு மளமளவென இறங்கிவிடும். ஆனால் ஃப்ளாப் மாட்டியிருந்தால், பட்டனை அழுத்தி மாற்றிவிட்டோம் என்று ஓட்டுநர் நினைத்துக்கொண்டிருப்பார். விளக்கும் அணைந்திருக்கும். உள்ளே காற்று மாறியிருக்காது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இது வேறு விதமாகத் தெரியும். மூச்சில் உள்ள ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிந்து உட்புறம் பனி மூடும். வெளிக்காற்றும் ஏ.சி.யும் சேர்ந்து முன்கண்ணாடி மீது அடித்தால்தான் அது விரைவாக விலகும். ஃப்ளாப் உள்காற்றில் நின்றுபோனால் துடைக்கத் துடைக்க மூடும். விரலால் உட்புறம் தேய்த்துப் பாருங்கள். கோடு விழுந்தால் பனி உள்ளே. விழவில்லை என்றால் வெளியே. கண்ணாடி அதிகமாகக் குளிர்ந்துவிட்டது, வைப்பரைப் போட்டு, காற்றைக் கண்ணாடியில் இருந்து திருப்பினால் போதும்.

கார்பன் மோனாக்சைடு வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்

‘உள்காற்று போட்டுக்கிட்டா புகை வராது, ஏ.சி. போட்டுத் தூங்கலாம்’ என்று நினைப்பவர்கள் உண்டு. அது உயிருக்கே ஆபத்து. இன்ஜின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. வாகனத்தின் தரை ஓட்டை, கிழிந்த ரப்பர் வழியாகவும் உள்ளே வரும். ஃபில்டர் அதைத் தடுக்காது. 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தனர். ஜெனரேட்டரில் இருந்து வந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று பிறகு தெரியவந்தது. நிறுத்திய வண்டியில் இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கக் கூடாது. ஃப்ளாப் எந்தப் பக்கம் இருந்தாலும் சரி.

டிஷ்யூ பேப்பர் சோதனை

வண்டியை நிழலில், திறந்தவெளியில் நிறுத்துங்கள். இன்ஜின் ஓட வேண்டியதில்லை. சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பினால் ப்ளோயர் ஓடும். பேட்டரி இறங்காமல் இருக்க ஐந்து, பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடணும்.

கதவு, கண்ணாடி எல்லாவற்றையும் மூடி, ப்ளோயரை முழு வேகத்தில் வைத்து, ரீசர்க்குலேஷன் பட்டனை அழுத்துங்கள். சத்தம் மாறணும். உள்காற்றுக்கு மாறும்போது காற்று இழுக்கும் திறப்பு உள்ளேயே இருப்பதால் இரைச்சல் தெளிவாகக் கூடும். மறுபடி அழுத்தினால் குறையும். சத்தத்தில் வித்தியாசமே இல்லை என்றால் ஃப்ளாப் அசையவில்லை என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம்.

உறுதிப்படுத்த, குளோவ் பாக்ஸுக்கு அடியில், பின்பக்கமாக டிஷ்யூ பேப்பரின் ஒரு முனையைப் பிடியுங்கள். உள்காற்று நிலையில் அது உள்நோக்கி இழுபடும். வெளிக்காற்று நிலையில் சும்மா தொங்கும். பிறகு வெளியே போய் வைப்பருக்கு அடியில் உள்ள ஜாலி மீது அதே பேப்பரை வையுங்கள். வெளிக்காற்று நிலையில் லேசாக ஒட்டிக்கொள்ளும். இரண்டு சோதனையிலும் சரியாக வந்தால் ஃப்ளாப் நன்றாக இருக்கிறது. அப்போதுதான் கேஸ், கண்டென்சர், கம்ப்ரசர் பக்கம் போகணும்.

அடுத்து காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பட்டனை அழுத்தியதும் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருந்து ‘டிக் டிக் டிக்’ என்று சில விநாடிகள் தொடர்ந்து சத்தம் வந்தால், ஃப்ளாப்பைத் திருப்பும் சின்ன மோட்டாருக்குள் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருக்கிறது. எந்தச் சத்தமும் இல்லை என்றால் ஃபியூஸ், ஒயர் கப்ளர், மோட்டார், பட்டன் இந்த நான்கில் ஒன்று. மோட்டார் ஓடுகிற மெல்லிய சத்தம் வருகிறது, காற்று மாறவில்லை என்றால் மோட்டாரும் ஃப்ளாப்பும் சேரும் இடம் உடைந்திருக்கலாம்.

பழைய மாருதி 800, ஆம்னி போன்ற வண்டிகளில் பட்டன் கிடையாது. இடவலமாகத் தள்ளும் லீவர்தான். அதில் மோட்டார் இல்லை, கேபிள் மட்டும். லீவர் எதிர்ப்பே இல்லாமல் லூசாக நகர்ந்தால் கேபிள் கழன்றுவிட்டது. கல் மாதிரி இறுகியிருந்தால் கேபிள் துருப்பிடித்திருக்கும், அல்லது ஃப்ளாப்பில் ஏதோ சிக்கியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. முன்கண்ணாடிப் பனி நீக்கும் நிலையைப் போட்டால் பல கார்கள் தானாகவே வெளிக்காற்றுக்கு மாறிவிடும். சில கார்கள் கொஞ்ச நேரம் கழித்தும் அப்படி மாறும். ஆட்டோமேட்டிக் ஏ.சி. உள்ள வண்டிகளில் இது சகஜம். அது கோளாறு இல்லை. வண்டியோடு கொடுத்த கையேட்டை ஒருமுறை புரட்டிவிட்டு வேலையைத் தொடங்கினால் வீண் அலைச்சல் மிச்சம்.

கழற்றும் முன் கவனிக்க வேண்டியவை

முதலில் ஃபியூஸ். ஃபியூஸ் பெட்டி மூடியில் எது எதற்கு என்று படம் இருக்கும். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸையே போடணும். பெரியதைப் போட்டால் ஒயர் எரியும்.

குளோவ் பாக்ஸைக் கழற்றும் வேலை என்றால் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருங்கள். காரணம் ஏர்பேக். இந்தியாவில் முன்பக்கப் பயணிக்கான ஏர்பேக் புதிய மாடல்களுக்கு 2021 ஏப்ரலில் இருந்தும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு அந்த ஆண்டின் இறுதியில் இருந்தும் கட்டாயமானது. அது இருப்பது குளோவ் பாக்ஸுக்கு நேர் மேலே. மஞ்சள் நிறக் கப்ளரோ, மஞ்சள் உறை போட்ட ஒயரோ கண்ணில் பட்டால் தொடவே தொடாதீர்கள். எலெக்ட்ரிக் கார் என்றால் ஆரஞ்சு நிற ஒயர்களுக்கும் இதே விதி. வாரண்டி காலம் முடியாத வண்டியை வீட்டில் பிரிப்பது புத்திசாலித்தனம் இல்லை. அதை சர்வீஸ் சென்டரே பார்க்கட்டும்.

உள்ளே என்ன இருக்கும்?

பெரும்பாலான கார்களில் குளோவ் பாக்ஸைத் திறந்து, இரு பக்கச் சுவரையும் உள்நோக்கி அழுத்தினால் பூட்டு விடுபட்டுத் தொங்கும். சிலவற்றில் இரண்டு, மூன்று ஸ்க்ரூ இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது. எடுத்த ஸ்க்ரூக்களை ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டு வையுங்கள். கார் தரைவிரிப்பில் விழுந்தால் தேடி எடுப்பது பெரும்பாடு.

உள்ளே கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி, அதில் ப்ளோயர். அதற்கு மேலே அல்லது பக்கவாட்டில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சின்னப் பெட்டி, அதற்கு ஒரு ஒயர் கப்ளர். அதுதான் ஃப்ளாப் மோட்டார். இரண்டு அல்லது மூன்று ஸ்க்ரூவில் நிற்கும்.

கப்ளரை முதலில் பாருங்கள். கடலோர ஊர் வண்டிகளில் கோளாறு இங்கேயே முடிந்துவிடுவதும் உண்டு. உப்புக்காற்று பட்டு உலோக முள்களில் பச்சை நிறப் பூச்சு படிந்திருக்கும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை அடித்து, பழைய டூத் பிரஷால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு மாட்டினால் போதும். தண்ணீர், சோப்பு, தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம்.

அதில் சரியாகவில்லை என்றால் மோட்டாரைக் கழற்றி, ஃப்ளாப்பின் தண்டை விரலால் திருப்பிப் பாருங்கள். இந்த ஒரு சோதனையில்தான் மொத்த விஷயமும் தெளிவாகும். தண்டு ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு லேசாகத் திரும்பினால் ஃப்ளாப் நன்றாக இருக்கிறது, மோட்டார்தான் பழுது. பாதியில் முட்டி நின்றால் உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது. தண்டு திரும்புகிறது, ஃப்ளாப் கூட வரவில்லை என்றால் ஃப்ளாப் உடைந்துவிட்டது.

அடைப்பு என்றால் பெரும்பாலும் வேப்பிலை, புங்கம்பூ, வைக்கோல் துணுக்கு. மரத்தடியில் நிற்கும் வண்டிக்கு வைப்பர் ஜாலி வழியாகவே இவை இறங்கும். குளோவ் பாக்ஸுக்கு மேலிருந்து நழுவிய பேனா, ரசீது கூடக் கிடைக்கும். கேபின் ஃபில்டரை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். நீளமான இடுக்கியால் எடுக்கலாம். வேக்கம் கிளீனர் இருந்தால் இன்னும் நல்லது. காற்றை ஊதித் தள்ளக் கூடாது. குப்பை கூலிங் காயிலில் போய் ஒட்டிக்கொள்ளும்.

டெல்டாவுக்கே உரிய அடைப்பு ஒன்று உண்டு. எலி. அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலிகள் வீட்டுப் பக்கம் வரும். பத்து நாள் ஓடாமல் நின்ற கார் அவற்றுக்கு சொகுசு வீடு. ப்ளோயருக்குள் வைக்கோல், பஞ்சு, கிழிந்த துணி வைத்துக் கூடு கட்டிவிடும். ஏ.சி. போட்டதும் மூத்திர நாற்றம் அடித்தால் சந்தேகமே வேண்டாம். இதைச் சும்மா தட்டிக் கொட்டிச் சுத்தம் செய்யக் கூடாது. எலி மூத்திரத்தால் பரவும் எலிக்காய்ச்சல் விளையாட்டல்ல. கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு, கூட்டின் மீது கிருமிநாசினி தெளித்து சில நிமிடம் ஊறவிட்டு, பாலித்தீன் பையில் அள்ளிக் கட்டிப் போடுங்கள். ஒயர், மோட்டார் மீது தெளிக்க வேண்டாம். ஃபில்டரைப் புதிதாக மாற்றியே ஆகணும். ஒயரைக் கடித்திருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பார்த்துவிடுங்கள்.

வென்ட்டில் இருந்து கறுப்புத் துகள் பறந்து வருகிறதா? ஃப்ளாப்பின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்சு வயதாகி உதிர்கிறது. இப்படிப்பட்ட வண்டியில் ஃப்ளாப் சரியாக நகர்ந்தாலும் ஓரம் அடைபடாது, வெளித்தூசி கசிந்து வரும். கை எட்டினால் பழையதைச் சுரண்டிவிட்டு மெல்லிய ஒட்டும் ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்டலாம். எட்டாவிட்டால் விட்டுவிடுவதே நல்லது.

மோட்டார் மாற்றுவது எப்படி?

உள்ளே உடைந்த பல்சக்கரத்தை மட்டும் மாற்ற முடியுமா என்று பலர் கேட்பார்கள். தனியாகக் கிடைப்பது அரிது. பசை போட்டு ஒட்டினால் நிற்காது. மோட்டாரையே மாற்றுவதுதான் வழி. அதன் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பாகத்தின் எண் இருக்கும். அதைப் போட்டோ எடுத்து கடையில் காட்டுங்கள். ‘இந்த மாடல் காருக்கு’ என்று வாயால் சொல்லி வாங்கினால் தப்பாகும். ஒரே காரிலேயே காற்றின் திசையை மாற்றவும், சூட்டைக் கலக்கவும் தனித்தனி மோட்டார்கள் உண்டு, பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். பழைய மாடலுக்குப் புதிய பாகம் வருவது நின்றுபோயிருந்தால் சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய பாகச் சந்தைகளில் தேடலாம். அங்கேயும் எண்தான் கணக்கு.

புதிய மோட்டாரை மாட்டும்போது ஃப்ளாப்பின் தண்டும் மோட்டாரின் பள்ளமும் தானாகப் பொருந்தணும். அழுத்தி ஏற்றினால் புதுசும் உடையும். பொருந்தவில்லை என்றால் தண்டைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். எல்லாம் மாட்டி பேட்டரியை இணைத்த பிறகு, சாவியை ‘ஆன்’ செய்து ஒரு நிமிடம் எந்தப் பட்டனையும் தொடாமல் இருங்கள். பல வண்டிகளில் மோட்டார் தானாக இரு முனைக்கும் ஒருமுறை போய்வந்து தன் எல்லையைக் கற்றுக்கொள்ளும். சிலவற்றுக்குக் குறிப்பிட்ட பட்டன் வரிசை உண்டு. பேட்டரி கழற்றியதால் கடிகாரம், ரேடியோ, தானாக ஏறும் கண்ணாடி ஆகியவற்றை மறுபடி சரிசெய்ய வேண்டி வரலாம்.

கேபிள் வண்டி என்றால் வேலை இன்னும் எளிது. லீவரை உள்காற்று முனைக்குத் தள்ளுங்கள். ஃப்ளாப்பின் கையையும் விரலால் அதே முனைக்குத் தள்ளிப் பிடியுங்கள். அந்த நிலையில் கேபிளின் உறையைக் கிளிப்பில் அழுத்திவிடுங்கள். பிறகு லீவரை இரு பக்கமும் முழுக்க நகர்த்திப் பார்த்தால் போதும்.

பாகம் கிடைக்க நாளாகும், அதுவரை வண்டி ஓட்டியாகணும் என்ற நிலை வரும். அப்போது ஃப்ளாப்பைக் கையால் வெளிக்காற்றுப் பக்கம் திருப்பி, அது திரும்பி வராதபடி தண்டை கேபிள் டையால் கட்டி வைக்கலாம். கூலிங் கொஞ்சம் குறையும், தூசி வரும். ஆனால் மழையில் கண்ணாடி தெரியும், நீண்ட பயணத்தில் காற்று மாறும். ‘வெயில் காலம்தானே, உள்காற்றில் கட்டிடலாம்’ என்று தோன்றும். வேண்டாம்.

எப்போது மெக்கானிக்கிடம் போகணும்?

ஃப்ளாப்பே உடைந்திருந்தால் பல கார்களில் டேஷ்போர்டை முழுக்க இறக்கித்தான் மாற்ற முடியும். அது ஒரு நாள் வேலை, வீட்டில் முடியாது. ஏ.சி. கேஸ் குழாய்களை எக்காரணம் கொண்டும் வீட்டில் கழற்றக் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் அந்தத் திரவம் தோலில் பட்டால் பனிக்காயம் ஆகும், கண்ணில் பட்டால் இன்னும் மோசம். ஃபியூஸ் திரும்பத் திரும்ப எரிந்தாலும் ஒயரிங் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

போகும்போது ‘ஏ.சி. பாருங்க’ என்று மட்டும் சொல்லாமல், பட்டன் அழுத்தினால் சத்தம் மாறுகிறதா, டிஷ்யூ பேப்பர் இழுபடுகிறதா, டிக் டிக் சத்தம் வருகிறதா என்று பார்த்ததைச் சொல்லுங்கள். கேஸ் ஏற்றச் சொன்னால், கசிவு எங்கே என்று கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

லாரி ஓட்டுநர்களுக்கும் இது இனி தேவைப்படும் விஷயம். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களின் ஓட்டுநர் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. நெல் மூட்டை ஏற்றிப்போகும் புது லாரியின் கேபினிலும் இனி ஏ.சி. பெட்டி இருக்கும். காருக்குள் சேரும் தூசியைவிட அங்கே அதிகம் சேரும் என்பதால் ஃபில்டரை அடிக்கடி பார்ப்பது நல்லது.

ஃபில்டரைப் பொறுத்தவரை, கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு பொதுவான சாலைக்கானது. டெல்டாவில் சம்பா அறுவடை ஓய்ந்ததும், மாசி மாதத்தில் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. தட்டினால் தூசி போகும், ஆனால் உள்ளே புகுந்த சுணை போகாது. புதியதை மாட்டும்போது அதன் ஓரத்தில் உள்ள அம்புக்குறி காற்று போகும் திசையைக் காட்டணும். அதே நேரத்தில் வைப்பர் ஜாலியில் சேர்ந்த இலை தழையையும் கையோடு அள்ளிவிடலாம். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் டிஷ்யூ பேப்பர் சோதனையை இன்னொரு முறை செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.